கிணற்றை வலம் வந்தவர்கள்

முழங்கால் டாக்டர் உங்களில் பலரிடமும் இதைச் சொல்லியிருப்பார். நடக்காதீர்கள், தேய்மானம். உட்கார்ந்தே இருக்காதீர்கள், எடை. நீந்துங்கள். என்னிடமும் சொன்னார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். சின்ன வயதில் ஒரு நீச்சல் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராக இருந்தவன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். திண்டுக்கல் என்றேன். பேனாவை மறுபடி எடுத்து மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துத் திண்டுக்கல்லை அறிந்தவர்களாக இருந்தால் நீங்களும் சிரிப்பீர்கள். அங்கே கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வாயில் வைத்தால், அழுது முடித்த பிறகு உதட்டை நக்கியதுபோல இருக்கும். குழாயில் எப்போது வரும் என்பது கடவுளுக்கும் குழாய் திறக்கிறவருக்கும் மட்டுமே தெரியும். மேல்காற்று அடித்தால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை. அது நின்றால் சந்துகளிலிருந்து சுருட்டுப் புகையிலை வாடை. இரண்டும் ஓய்ந்த நேரத்தில் பூட்டுப் பட்டறைகளின் டக் டக். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய மொட்டைப் பாறை, பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் ஊர்மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஊரில்தான் நீச்சல் சங்கம் இருந்தது. ஆரம்பித்தவர் ஒரு சுருட்டுக் கடைக்காரர். இளமையில் கொழும்பில் கடை வைத்திருந்து கடலில் குளித்துப் பழகியவர். திரும்பி வந்த பிறகு அவர் உடம்பு வாளித் தண்ணீருக்குள் அடங்கவில்லை. அவரே செயலாளர். தலைவராக ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியாரைப் பிடித்துப் போட்டார். உலகத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிவிட்டு, மிச்சக் கால் பங்கில், அதிலும் திண்டுக்கல்லில், காலம் தள்ளுவது வாத்தியாருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உடனே ஒப்புக்கொண்டார்.

சங்கத்தின் குளம், அகரம் போகிற பாதையில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கிணறு. பெரிய வட்டக் கிணறு. உள்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல்படிகள், படிக்கு நடுவே ஒரு மாடம், மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கன்னிமார் கல். தோட்டத்துக்காரர் கிணற்றைக் கொடுத்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். கன்னிமார் இருக்கிற கிணற்றில் கண்டபடி குறுக்கும் நெடுக்கும் போகக் கூடாது. கோயிலில் எப்படிச் சுற்றுவோமோ அப்படி, வலமாகத்தான் நீந்த வேண்டும். பூகோள வாத்தியார் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கத்தோலிக்கர். கொஞ்சம் யோசித்தார். பிறகு, கடிகாரமும் அப்படித்தானே சுற்றுகிறது, அதைக் கும்பிடவா செய்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதைச் சங்கத்தின் முதல் விதியாக அறிவித்தார். இப்படியாக எங்கள் சங்கத்தில் எல்லோரும் சுவரை இடக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக, வலம் வந்து நீந்தினார்கள்.

இதன் பலன் மதுரையில் தெரிந்தது. அங்கே ஒரு பெரிய குளத்தில் கயிறு கட்டி நீச்சல் போட்டி வைத்தபோது எங்கள் சங்கத்திலிருந்து பூட்டுப் பட்டறை அண்ணன் போனார். நல்ல தோள், நல்ல மூச்சு. விசில் ஊதியதும் எல்லோரையும் முந்திக்கொண்டு பாய்ந்தார். பாதிக் குளத்துக்குப் போவதற்குள் வலப்பக்கம் சாய ஆரம்பித்தார். கயிற்றுக்கு அடியில் புகுந்தார், அடுத்தவன் பாதையைக் கடந்தார், அழகாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே முதல் ஆளாக வந்து கரையைத் தொட்டுக் கையைத் தூக்கினார். கூட்டம் ஏன் அப்படிச் சிரிக்கிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை. வேகத்தைப் பொறுத்தவரை நம்மை மிஞ்ச ஆளில்லை என்பதே அந்தப் போட்டி பற்றிச் செயலாளர் கடைசிவரை சொல்லிவந்த கருத்து.

இன்று அந்தக் கிணறு இல்லை. தூர்த்துவிட்டார்கள். மேலே ஒரு கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். சங்கத்தின் வரலாறு என்று சொல்ல இன்னும் ஒரே ஒரு பருவம்தான் இருக்கிறது. அதில்தான் நான் வருகிறேன்.

அப்பாவுக்கு அந்த ஊர் ஆபீசுக்கு மாற்றல் ஆனதால் நாங்கள் வந்தோம். அப்பா, அம்மா, நான். நயா பைசா வந்து பழைய அணாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். அம்மா தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். காலையில் கண் விழித்ததும் ஆற்றில் இறங்கி, தலைக்கு மேலே தண்ணீர் ஓட ஒரு முழுக்குப் போட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும். அவளைக் கொண்டுவந்து குடத்துத் தண்ணீர் ஊரில் வைத்தார் அப்பா. குடத்தை ஏந்திக் குழாயடியில் நிற்கையில் அவள் முகத்தில் கோபம் இருக்காது. பாஷை தெரியாத ஊரில் வழி கேட்டு நிற்கிறவளின் முகம்போல இருக்கும்.

ஒரு சித்திரை மாதத்துக் காலை. சமையலுக்கென்று வைத்திருந்த கடைசிச் செம்பை எடுத்து அப்பா முகம் கழுவிவிட்டார். அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்:

“ஊருக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன்.”

அப்பா, சரி என்றார். அவ்வளவுதான் சண்டை. என்னைப் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று விட்டுவிட்டு, சின்னப் பை ஒன்றோடு போனாள். வீட்டுக்குப் போட்டிருந்தது பக்கத்து வீட்டில் குடியிருந்த அதே பூட்டுப் பட்டறை அண்ணன் கையால் செய்த மாங்காய்ப் பூட்டு. ஆளுக்கு ஒன்றாக மூன்று சாவி. அம்மா தன் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வராதவள் சாவியை எடுத்துக்கொண்டா போவாள் என்று நான் எனக்குள் வாதாடிப் பார்த்துக்கொள்வேன்.

அம்மா எங்கே என்று கேட்டபோதெல்லாம் அப்பா சொன்ன பதில், குளிக்கப் போயிருக்கிறாள் என்பது. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன். சித்திரையில் போனவள் ஆடி பிறந்தும் குளித்துக்கொண்டிருந்தாள்.

நமக்கெல்லாம் இப்போது பேரப்பிள்ளைகளைத் தனியாக ஒரு மணி நேரம் விடப் பயம். எனக்கு அப்போது கழுத்தில் சாவி. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறப்பேன். அந்தப் பூட்டு திறக்கும்போது ஒரு சத்தம் கொடுக்கும், தொண்டையைச் செருமுவதுபோல. வீட்டில் அதற்குப் பிறகு வேறு யாரும் பேச மாட்டார்கள். சில நாள் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். இருட்டுகிற நேரத்துக்கு அப்பா கிளப்புக் கடையிலிருந்து தூக்குச் சட்டியில் சோறும் வெஞ்சனமும் வாங்கி வருவார். அப்பாவுக்கு என்னிடம் பேச மூன்று வார்த்தைகள் இருந்தன. சாப்டியா. படிச்சியா. படு. மூன்றையும் சொல்லி முடித்ததும் அன்றைய கடமை தீர்ந்தவராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்காருவேன்.

ஒரு நாள் துணிந்து, என்னை அம்மாவிடம் கூட்டிப் போகச் சொன்னேன். அப்பா சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

“அங்க ஆறுப்பா. நீச்சல் தெரியாத புள்ளைய எப்படிக் கொண்டுபோயி விட? நீச்சல் கத்துக்க. கூட்டிட்டுப் போறேன்.”

இன்று யோசித்தால் அந்த மூளையை மெச்சத் தோன்றுகிறது. முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதனால் ஊரில் கிடைக்கவே கிடைக்காத பொருளாகப் பார்த்து நிபந்தனை வைத்தார். முந்தின வருஷத்து ஐப்பசி ஏமாற்றிவிட்டிருந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் பையன் எங்கே போய் நீந்துவான்? அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்றே ஒன்று, சங்கத்தை.

மறுநாளே பட்டறை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். எட்டிப் பார்த்தேன். அடியில், அதல பாதாளத்தில், ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. அதில் தவளைகள் தலைக்கு மேலே தலையாக உட்கார்ந்திருந்தன. ஆனால் சங்கம் கூடியிருந்தது. தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், உறுப்பினர்கள் இடுப்பில் துண்டோடு இருந்தார்கள். தண்ணீர் இல்லை என்பதற்காகக் கூடாமல் இருப்பது விதிகளில் இல்லை. கிணறு வற்றிய பிறகு அந்தச் சங்கத்தில் சேர்ந்த உறுப்பினர் நான் ஒருவன்தான்.

எனக்கு எப்படி நீச்சல் சொல்லிக் கொடுப்பது என்று தோட்டத்துக்காரர்தான் கவலைப்பட்டார். தலைவருக்கு அந்தக் கவலை துளியும் இல்லை.

“நீச்சல்ங்கறது கையும் காலும் பாக்கிற வேலை. தண்ணி சும்மா கிடக்கும். அது எதையும் செய்யாது” என்றார் அவர்.

கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல் இருந்தது. அதில் என்னைக் குப்புறப் போட்டார்கள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் அந்தரத்தில். தவளை நீச்சல், கை மாற்றி நீச்சல் எல்லாம் அதன் மேல்தான். மல்லாந்த நீச்சலில் வானம் மட்டும் தெரியும். பருந்துகள் என்னைவிட மேலான நிலையில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். வெயிலில் காய்ந்த கல் வயிற்றைச் சுடும். கல்லின் இடுக்கில் பழைய சவுக்காரமும் சீயக்காயும் கலந்த ஒரு வாசம் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் அது அம்மாவின் கழுத்து வாசம். அதனால் மற்றவர்கள் போதும் என்று சொன்ன பிறகும் நான் நீந்திக்கொண்டிருப்பேன். பையனுக்கு என்ன ஆர்வம் பாருங்கள் என்று செயலாளர் எல்லோரிடமும் சொன்னார்.

மூச்சுப் பழக்கத்துக்கு மட்டும் நிஜத் தண்ணீர். மாட்டுக்கு வைத்த வாளியில் முகத்தை அமிழ்த்தி, தம் கட்டி, திருப்பி மூச்சு வாங்க வேண்டும். பிறகு அதை மாடு குடிக்கும். ஆக, என் உடம்பில் முகம் ஒன்றுதான் தண்ணீரில் நீச்சல் கற்றது. கழுத்துக்குக் கீழே எல்லாம் தனிப் படிப்பு.

பயிற்சி முடிந்ததும் வலம் வருவோம். முதல் விதி தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதிதான். கைப்பிடிச் சுவரைச் சுற்றி, ஒருவர் பின் ஒருவராக, இரண்டு கையாலும் காற்றைத் துழாவிக்கொண்டு, கணக்காகத் தலையைத் திருப்பி மூச்சு வாங்கியபடி நடப்பது. முன்னால் தலைவர், அடுத்து செயலாளர், நடுவில் மற்றவர்கள், கடைசியில் நான். நானே கடைசி என்பதால் என் பின்னால் யாரும் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் எப்போதும் ஒரு முதுகு இருந்தது. வியர்வையில் மினுக்கிக்கொண்டு, என் வேகத்துக்கே போய்க்கொண்டு. அந்த வருஷத்தில் வேறு எங்கேயும் எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, களையெடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் சிலர் வரப்பில் நின்று எங்களைப் பார்த்தார்கள். துண்டு கட்டிய பெரிய மனிதர்கள் வற்றிய கிணற்றை வாய் பேசாமல் வலம் வருகிறார்கள், கையால் எதையோ மேலேயிருந்து வாரி வாரி இழுக்கிறார்கள். பெண்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மழைக்கு வேண்டிக்கொள்கிறார்கள். செத்த நேரத்தில் ஒருத்தி ஓடிப் போய்ச் சூடம் கொண்டுவந்து சுவர்மேல் ஏற்றினாள். இன்னொருத்தி முந்தியில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்துத் தலைவர் நெற்றியில் அப்பிவிட்டாள். அவர் கை பாதி வீச்சில் நின்றுவிட்டது. செயலாளர் பின்னாலிருந்து அவர் காதில், “அழிச்சுறாதீங்க சார். நம்புறாக” என்றார். தலைவர் அழிக்கவில்லை. திருநீறோடு மிச்சச் சுற்றையும் முடித்தார். பெண்களும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு மட்டும் நான் கடைசி இல்லை. எனக்குப் பின்னால் வந்தவள், நான் கை வீசுவது போதாது என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஏலே அப்பு, நல்லா இழுத்து வீசு. புள்ளைக கூப்ட்டாத்தான் அதுக்கு எரக்கம் வரும்.”

நான் கூப்பிட்டது மழையை இல்லை. ஆனால் நன்றாக இழுத்து வீசினேன்.

மழை வரவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிறு தலைவர் என்னைக் கல்லில் போட்டு எல்லா நீச்சலையும் வரிசையாகச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். தண்ணீரில் கற்றவர்களுக்கு இருக்கிற கோணல் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்றார் அவர். பட்டறை அண்ணன் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார். அன்று ராத்திரி அப்பா மூன்று வார்த்தையில் முதல் வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன், எனக்கு நீச்சல் வந்துவிட்டது, தலைவரே சொல்லிவிட்டார் என்று.

அப்பா கையில் சோற்றோடு என்னைப் பார்த்தார். எந்தத் தண்ணீரில் என்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வந்தார். ஆபீசுக்குப் போகிற சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். தலைவர் அவரைச் சங்கத்தின் சார்பில் வரவேற்று, பையன் தயார், இனிமேல் தண்ணீர் வருவதுதான் பாக்கி என்றார். அப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார். தாம்பாளம் இப்போது கிண்ணம் ஆகியிருந்தது. எப்போது ஊறும் என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டார். மழை பெய்தால் ஊறும் என்றார் அவர். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் குப்புறப் படுத்து நீந்த ஆரம்பித்தேன். பட்டறையில், கடைத்தெருவில், எங்கள் சங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிக்காதவர்கள் கிடையாது. அப்பாவும் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். சிரித்தால் போச்சு. அம்மாவிடம் போக வேறு வழி இல்லை. மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அவருடைய செருப்பு தெரிந்தது. அது அசையவில்லை. கை வலித்தது. தண்ணீரில் என்றால் கரை வந்ததும் நிறுத்தலாம். கல்லில் கரை எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் நிறுத்தாமல் நீந்தினேன். சத்தம் இல்லை. யாரோ இருமியது மட்டும் கேட்டது. பிறகு செருப்பு ஒரு அடி முன்னால் வந்தது. என் முதுகில் அப்பாவின் கை. அது அதற்கு முன்னால் எப்போது என் மேல் பட்டது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

“போதும்ப்பா” என்றார். “வந்து சேந்துட்ட.”

வீட்டுக்கு நடந்து வரும்போது, காலாண்டுப் பரீட்சை லீவில் கூட்டிப் போவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். ஊர் எல்லையில் மாமா காத்திருந்தார். அப்பா பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாக என் பையைக் கொடுத்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, இறங்குங்கள் அத்தான் என்று ஒப்புக்குச் சொன்னார். பஸ் போய்விட்டது. அதன் கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, எங்களைத் தாண்டித்தான் அவர் போயிருக்க வேண்டும்.

நான் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. படித்துறையில் அம்மா துணி அலசிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நேராக ஓடினேன். அவ்வளவு தண்ணீரை அதற்கு முன்னால் நான் பூகோளப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள், சங்கம் சொல்லித் தந்த முறைப்படி இரு கையையும் கோத்து நீட்டிப் பாய்ந்தேன்.

தலைவர் சொன்னது பொய். தண்ணீர் சும்மா கிடக்கவில்லை. மூக்குக்குள் வந்தது, காதுக்குள் வந்தது, காலைப் பிடித்து இழுத்தது. ஒரு கோணலும் இல்லாத முறையில் நான் நேராக அடிக்குப் போனேன். அம்மா என் தலைமுடியைப் பற்றித் தூக்கினாள். அவள் குனிந்தபோது தாலிக் கயிற்றில் ஊக்கோடு தொங்கிய ஏதோ ஒன்று என் நெற்றியில் டக்கென்று இடித்தது. இருமலுக்கு நடுவே கண்ணைத் திறந்து பார்த்தேன். மாங்காய்ப் பூட்டின் சாவி.

யார் நீச்சல் சொல்லித் தந்தது என்று கேட்டாள். சொன்னேன். கல், வாளி, சூடம், திருநீறு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் வந்து பார்த்தார் என்று சொன்னதும் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஒங்க அப்பா சிரிச்சாவளா?”

இல்லை என்றேன். அவள் அலசி முடித்த துணியையே எடுத்து மறுபடியும் அலச ஆரம்பித்தாள். அலசிக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல், சொன்னாள். கல்யாணம் ஆன புதிதில் அப்பா இதே படித்துறையில் வழுக்கி ஆற்றுக்குள் போய்விட்டாராம். மாமாதான் அக்குளில் கை கொடுத்து, நனைந்த மூட்டைபோலத் தூக்கி வந்து படியில் வைத்தாராம். துறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அப்பா அந்த ஊருக்கு வரவே இல்லை. “எல்லாரும் சிரிச்சா அவ்வொ மறந்திருப்பாவ. நானும்லா சிரிச்சேன்” என்றாள்.

லீவு முடிந்தும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆற்று நீச்சல் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அங்கே அது நடப்பதுபோல ஒரு சாதாரணக் காரியம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மாமன் பிள்ளைகள் என்னைத் திண்டுக்கல் என்று கூப்பிட்டார்கள். அம்மா கிடைத்துவிட்டாள். ஆனால் சாயங்காலம் ஆனதும் திண்டுக்கல்லில் ஒரு மனிதர் தூக்குச் சட்டியோடு வந்து, தானே பூட்டைத் திறந்து, சாப்டியா என்று கேட்க ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்காருவாரே என்று தோன்றும். அப்போது யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்துறைக் கல்லில் குப்புறப் படுத்துக்கொள்வேன். எதிரே ஆறு கரை புரண்டு போய்க்கொண்டிருக்கும். நான் கல்லில் நீந்திக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் திண்டுக்கல் பக்கம் நல்ல மழை என்று மாமா பேப்பரில் படித்துச் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த சித்திரையில், ஒரு காலை நேரம், அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே படித்துறைக்கு. அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று புடவை அலசிக்கொண்டிருந்தாள். நான் படியில் சவுக்காரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். துறைப் பெண்கள் மாப்பிள்ளையை அடையாளம் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். “சாப்டியா?” என்றார். தலையை ஆட்டினேன். பிறகு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கையால் பிடித்துப் பிடித்து, கிணற்றுக்குள் இறங்குகிறவர்போல இறங்கினார்.

நீந்தினார். அவ்வளவு அழகு என்று சொல்ல மாட்டேன். தலை விறைப்பாக வெளியே நின்றது, மூச்சு எருமை மூச்சு. ஆனால் மிதந்தார். நேராகக் கொஞ்ச தூரம் போய், வலப்பக்கம் சாய்ந்தார். அகலமான ஆறு, அக்கரை வயல் பச்சையாக ஒரு கோடு மட்டும் தெரிகிறது, தடுக்க ஒரு சுவர் இல்லை. அப்பா இல்லாத சுவருக்கு ஒதுங்கி ஒதுங்கித் திரும்பினார். ஓட்டம் அவரைக் கீழே இழுத்தது. விடாமல் மேலே ஏறி வந்து வட்டத்தை முடித்தார். மறுபடி ஆரம்பித்தார். தோட்டத்துக் கிணற்றின் அதே சுற்றளவு, அதே வலம். வட்டத்துக்கு நடுவில் புடவையும் கையுமாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் அவளும் நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. திரும்பிக்கொண்டே இருந்தாள்.

துறையில் யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“எனக்குத் தலை சுத்துது” என்றாள் அம்மா. “கரை ஏறுங்க.”

அப்பா காலை ஊன்றினார். அங்கே இடுப்பளவு தண்ணீர்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:

“அங்க கிணறு நெறஞ்சு கெடக்கு.”

“உப்பாத்தான இருக்கும்?”

“உப்புத்தான்.”

அம்மா புடவையைப் பிழிந்தாள். நன்றாக முறுக்கி, கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள். தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். அப்பா பின்னால் ஏறினார். நான் சட்டையையும் சவுக்காரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன். அன்றைக்கும் நான்தான் கடைசி. எனக்கு முன்னால் இரண்டு முதுகுகள் ஈரத்தோடு போய்க்கொண்டிருந்தன.